பட்டியல் வராது, கடிதம்தான்

அன்புள்ள மேதைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கேயும் அப்படியே என்று எடுத்துக்கொள்கிறேன். உன் இரண்டு கடிதத்துக்கும் நான் பதில் போடவில்லை என்று ராக்கெட்டிடம் புலம்பினாயாமே. அவனிடம் சொல்வதற்குப் பதிலாகத் தண்டோரா போட்டிருக்கலாம், செலவு குறைவு. சரி, திட்டி முடித்திருப்பாய். விஷயத்துக்கு வருகிறேன். அக்காவின் சிறுநீரக ரிப்போர்ட்டைப் பற்றியும் எழுத வேண்டும். அதைக் கொஞ்சம் நிதானமாக எழுத வேண்டும் என்பதால் பின்னால் வைத்திருக்கிறேன். பயப்படாமல் படி.

பாப்பாவின் பரீட்சைக்காக, குழப்புகிற ஆங்கிலச் சொற்களையும் அவற்றின் வித்தியாசத்தையும் பட்டியலாகக் கேட்டிருந்தாய். ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது என்று நிபந்தனை வேறு. உட்கார்ந்து 'ஸீ', 'லுக்', 'வாட்ச்' என்று எழுதி, எதிரே 'பார்', 'பார்', 'பார்' என்று போட்டதும் பேனாவை மூடிவிட்டேன். பட்டியலுக்கு இதுதான் கதி. ஆனால் தமிழில் பேசும்போது நாமே மூன்றையும் பிரித்துத்தான் சொல்கிறோம். தானாகக் கண்ணில் பட்டால் 'ஸீ'. வேண்டுமென்று கண்ணைத் திருப்பினால் 'லுக்'. நகர்வதையோ மாறுவதையோ பார்த்துக்கொண்டே இருந்தால் 'வாட்ச்'. 'நல்லாப் பார்த்தேன், கண்ணில் படலை' என்று தொலைந்த சாவியைப் பற்றிச் சொல்கிறோமே, அதில் 'லுக்' நடந்திருக்கிறது, 'ஸீ' நடக்கவில்லை. பாப்பாவுக்கு இப்படி ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால் போதும், பத்து நாள் மனப்பாடம் மிச்சம்.

'ஸே', 'டெல்' கூட அப்படித்தான். 'டெல்' என்றால் யாரிடம் என்பது ஒட்டிக்கொண்டே வரும்: 'டெல் மீ'. 'ஸே'க்கு என்ன சொன்னார் என்பதுதான் முக்கியம். 'ஸே மீ' என்று எழுதினால் என்ன ஆகும் என்பதை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிரம்பு சார், அந்த வெள்ளிக்கிழமை, உன் நோட்டு. போதும்.

ஒரே வேலைக்கு ஆங்கிலத்தில் ஏன் இத்தனை சொல் என்று அவள் கேட்டாளாமே, அது உன் கேள்வியைவிட நல்ல கேள்வி. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதன்பின் பல தலைமுறைக்கு அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு, வயலிலும் அடுப்படியிலும் பழைய ஆங்கிலம், மடத்திலும் படிப்பிலும் லத்தீன். கடைசியில் மூன்றும் ஒரே மொழிக்குள் குடியேறிவிட்டன. 'ஆஸ்க்' பழைய ஆங்கிலம். 'க்வெஸ்சன்' பிரெஞ்சு வழியாக வந்தது. 'இன்டராகேட்' லத்தீன். அம்மா 'எப்ப வந்தே?' என்றால் அது 'ஆஸ்க்'. நிருபர் அமைச்சரை மடக்கினால் 'க்வெஸ்சன்'. போலீஸ்காரர் அறைக்குள் உட்காரவைத்துக் கேட்டால் 'இன்டராகேட்'. நம்மிடமும் கேள், வினவு, விசாரி என்று இல்லையா? 'அம்மா என்னை வினவினாள்' என்று எவனாவது எழுதுவானா? நீ எழுதுவாய். மற்றவர்கள் எழுத மாட்டார்கள்.

இந்த வியாதி பாப்பாவுக்கும் தொற்றியிருக்கிறது என்பதுதான் என் கவலை. அவள் கட்டுரையைப் படித்தேன். பிள்ளைக்கு நல்ல கண் இருக்கிறது, விஷயம் இருக்கிறது. ஆனால் மழை சாதாரணமாக 'பிகின்' ஆகாமல் 'கமென்ஸ்' ஆகிறது. தலைமையாசிரியை தன் அன்புக்கு 'நொட்டோரியஸ்' ஆக இருக்கிறார்! பாவம் அந்த அம்மா, என்ன குற்றம் செய்தாரோ. 'ஃபேமஸ்' என்று முதலில் எழுதி அடித்திருப்பதும் தெரிகிறது. நீ வாங்கிக் கொடுத்த தெஸாரஸ், அதான் அந்த ஒத்த சொல் தொகுப்பு, செய்த வேலை இது. கெட்ட பெயரால் பிரபலமானவனைத்தான் 'நொட்டோரியஸ்' என்பார்கள். அந்தப் புத்தகம் இதைச் சொல்லாது. எல்லாச் சொல்லுக்கும் ஒரே சீருடை மாட்டி வரிசையில் நிறுத்தியிருக்கும், எது யார் வீட்டுப் பிள்ளை என்று நமக்குத் தெரியாது.

அந்தத் தெஸாரஸைத் தொகுத்த ரோஜே மேல் தப்பில்லை. மனிதர் மருத்துவர், 1805 வாக்கில் தன் சொந்த உபயோகத்துக்குச் சொற்களைக் கருத்துவாரியாகத் தொகுக்க ஆரம்பித்து, 1852இல், எழுபது வயதைத் தாண்டிய பிறகு புத்தகமாகப் போட்டார். ஒத்த சொற்களின் வித்தியாசத்தை ஆராய்வது தனித் துறை, அதில் நான் கை வைக்கவில்லை என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டார். முன்னுரையை யார் படிக்கிறார்கள்? தெரிந்து மறந்துபோன சொல்லை நினைவுபடுத்திக்கொள்ள அது அருமையான புத்தகம். தெரியாத சொல்லை அதிலிருந்து எடுத்து எழுதினால் தலைமையாசிரியைக்கு வந்த கதிதான்.

பிறகு எப்படித்தான் பிரிப்பது என்கிறாயா? சொல்லை விட்டுவிடு, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார். ஃபர்த் என்ற ஆங்கிலேய மொழியியலாளர் 1957இல் சொன்னது இதுதான்: ஒரு சொல்லை அதன் சகவாசத்தை வைத்து அறியலாம். மழைக்கு 'ஹெவி', காற்றுக்கு 'ஸ்ட்ராங்'. இடம் மாற்றினால் காதில் இடிக்கும். தமிழிலும் கனமழை உண்டு, கனக்காற்று கிடையாது. இலக்கண விதி ஒன்றும் இல்லை, பழக்கம்தான். இன்னும் வேடிக்கை 'காஸ்' என்ற சொல். அகராதியில் 'உண்டாக்கு' என்று சாதுவாக உட்கார்ந்திருக்கும். ஆனால் கோடிக்கணக்கான சொற்களைக் கணினியில் திரட்டிப் பார்த்தபோது அதன் பின்னால் வந்து நின்றவை சேதம், தொல்லை, வலி, மரணம். நல்லதை யாரும் அவ்வளவாக 'காஸ்' பண்ணுவதில்லை! 'ப்ரொவைட்' பின்னால் போனால் உதவி, ஆதரவு, பராமரிப்பு. பாப்பா புதுச் சொல் ஒன்றைப் படித்தால், அது வரும் நான்கு நிஜ வாக்கியங்களை எடுத்து எழுதச் சொல். பொருள் எழுத வேண்டாம்.

சில வித்தியாசம் சொல்லில்கூட இல்லை, சொல்கிறவன் வயிற்றெரிச்சலில் இருக்கிறது. பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1948இல் பிபிசி வானொலியில் இதை வினைச்சொல் வாய்பாடு மாதிரி ஒப்பித்துக் காட்டினார்: நான் உறுதியானவன், நீ பிடிவாதக்காரன், அவன் சொன்னால் கேட்காத முட்டாள். மூன்று பேரும் செய்தது ஒன்றே. நம் கணக்கில்: நான் சிக்கனம், நீ கஞ்சன், ராக்கெட்... அவனைப் பற்றி எழுத வேண்டாம், படித்துக் காட்டிவிடுவாய்.

சில ஜோடிகளில் வித்தியாசமே கிடையாது, தேடி மாளாதே. 'ஃப்ளேமபிள்', 'இன்ஃப்ளேமபிள்' இரண்டுக்கும் எளிதில் தீப்பிடிக்கும் என்றே பொருள். முன்னால் உள்ள 'இன்' மறுப்பு என்று நினைத்து யாராவது தீப்பெட்டியை உரசிவிடப் போகிறார்களே என்று, தீப்பாதுகாப்புக்காரர்கள் போன நூற்றாண்டில் 'ஃப்ளேமபிள்' என்றே எழுதச் சொன்னார்கள்.

சட்டத்திலோ இந்தத் தாராளம் நடக்காது. நமக்குத் திருட்டு, கொள்ளை எல்லாம் பேச்சுவாக்கில் ஒன்று. இங்கிலாந்தின் 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தில் 'தெஃப்ட்', 'ராபரி', 'பர்க்ளரி' மூன்றும் தனித்தனிப் பிரிவு. அடித்தோ மிரட்டியோ திருடினால் 'ராபரி'. திருடும் எண்ணத்தோடு அத்துமீறி ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தாலே 'பர்க்ளரி'. ஒரு துரும்பைக்கூட எடுத்திருக்க வேண்டாம்.

மருத்துவமும் அப்படித்தான் மேதை. இப்போது அக்கா விஷயம். '"அக்யூட்" என்றிருந்தால்கூடச் சமாளிக்கலாம், "க்ரானிக்" என்று போட்டுவிட்டார்களே, முற்றிப்போச்சு' என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்துவிட்டு என்னால் வேறு வேலை பார்க்க முடியவில்லை. அவ்வளவு பயந்திருக்கிறாய். கேள். 'க்ரானிக்' என்பதன் வேர் காலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். நெடுநாளாக இருப்பது என்றுதான் பொருள். சிறுநீரகக் கோளாறு மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அந்தப் பெயரைப் போடுவார்கள். 'அக்யூட்' என்றால் திடீரென்று வந்தது. அதுவும் உயிருக்கு ஆபத்தாக இருக்கலாம், முழுக்கக் குணமாகவும் செய்யலாம். எவ்வளவு கடுமை என்பது இரண்டு சொல்லிலுமே இல்லை.

அது பக்கத்தில் உள்ள எண்ணில் இருக்கிறது. நிலைகள் ஐந்து, அக்காவுக்கு இரண்டு என்று போட்டிருக்கிறது. சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் திறன் 60க்கும் 89க்கும் இடையில், அதாவது லேசான குறைவு. அலட்சியம் செய்யலாம் என்று சொல்லவில்லை. இது கூடவே இருக்கும், கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். காரணம் சர்க்கரையா ரத்த அழுத்தமா, சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் எவ்வளவு, அடுத்த பரிசோதனை எப்போது என்று டாக்டரிடம் கேள். முழங்கால் வலிக்கு அக்கா தானாக மாத்திரை போடும் பழக்கம் இருக்கிறதே, அதைக் கட்டாயம் அவர் காதில் போடு. சில வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு ஆகாது. அக்காவிடம் நீ என்ன சொல்லி வைத்திருக்கிறாய்? 'முற்றிப்போச்சு' என்று சொல்லியிருந்தால் இன்றைக்கே போய்த் திருத்து. உன் முகத்தைப் பார்த்தே அவள் பாதி நோயாளி ஆகியிருப்பாள்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். பாப்பாவிடம் கட்டுரையைத் திரும்ப எழுதச் சொல், 'ஃபேமஸ்' போதும். ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கம் நீ எடுத்த படத்தில் மங்கலாக இருக்கிறது. வெளிச்சத்தில் வைத்து மறுபடி எடுத்து அனுப்பு.

உன்,
சோடாபுட்டி