வெலிகமவில் அலை, நெடுந்தீவில் காற்று

அன்புள்ள வதனிக்கு,

அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து இப்போது முற்றத்தில் தானாக நடக்கிறா. நீங்கள் விடுமுறைக்கு வருகிறீர்கள் என்று கேட்ட நாள் முதல் பனங்கிழங்கு ஒடியலும் பனம்பழப் பினாட்டும் உனக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறா. என் பாடு பழையபடிதான். விடியக் குறிகட்டுவான் படகுத்துறை, பின்னேரம் திரும்பவும் குறிகட்டுவான், நடுவில் நெடுந்தீவுப் பிள்ளைகளும் புவியியல் புத்தகமும்.

உன் மகன் போனில் கடல் முன்னறிவிப்பைப் பார்த்து அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அலை உயரம் ஒரு மீற்றர்கூட இல்லை, பிறகு ஏன் போன கிழமை நெடுந்தீவுக்குப் படகு விடவில்லை என்று கேட்டிருக்கிறான். நல்ல கேள்வி. என் வகுப்பில் இருந்திருந்தால் கரும்பலகைக்குக் கூப்பிட்டு வரைந்தே காட்டியிருப்பேன்.

சிட்னியில் அவன் பலகையோடு ஏறி விளையாடுகிற அலை, தூரக் கடலில் எங்கோ அடித்த காற்றில் பிறந்து வருவது. வந்து சேரும்போது ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையில் பத்துப் பன்னிரண்டு வினாடி கிடக்கும். இங்கே தெற்கில் வெலிகமவுக்கும் ஹிக்கடுவவுக்கும், கிழக்கில் அறுகம்பைக்கும் அந்த மாதிரி அலை தென்சமுத்திரத்திலிருந்து வருகிறது. வடக்கில் எங்களிடம் வராது. தெற்கிலிருந்து வருவதை இலங்கைத் தீவே மறித்துக்கொள்ளும். மன்னார்ப் பக்கத்தால் நுழையப் பார்த்தால் இராமர் அணையின் மணல்திட்டுகள் விடாது. நெடுந்தீவைச் சுற்றிய கடல் பெரும்பாலும் 15 மீற்றர் ஆழம்கூட இல்லை. அதில் எழும்புகிற அலை எல்லாம் அங்கேயே வீசுகிற காற்று கிளப்புவது. உயரம் குறைவு, நெருக்கம் கூட. நாலைந்து வினாடிக்கு ஒன்று, செங்குத்தாக எழும்பி வரும். படகு ஒன்றில் ஏறி இறங்குமுன் அடுத்தது முன்பக்க அணியத்தில் அடிக்கும். அவன் பார்த்த இலக்கத்தில் இந்த நெருக்கம் இல்லை. அதனால்தான் உயரத்தை விட்டுவிட்டுக் காற்றின் வேகத்தையும் திசையையும் பார்க்கச் சொல்லு என்கிறேன்.

புங்குடுதீவின் மறைவில் போகும்வரை ஒன்றும் தெரியாது. நயினாதீவு வலப்பக்கம் பின்தங்கியதும் தண்ணீரின் நிறம் மாறும். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடியில் கிடக்கும் மண்ணைக் கலக்கிவிடுவதால் நீலம் போய்ச் சாம்பல் கலந்த பச்சையாகிவிடும். அந்த இடம் வந்தால் பழகியவர்கள் பையைப் பொலித்தீனால் சுற்றி மடியில் வைத்துக்கொள்வார்கள். கதை நின்றுவிடும். முதல் தண்ணீர் தோளில் விழும்போது உப்பு வாய்வரைக்கும் வரும். புத்தகமே தேவையில்லாத பிள்ளைகள் எனக்கு வாய்த்திருக்கிறார்கள். ஆறாம் வகுப்புச் சின்னன் ஒன்று ஜன்னலால் பார்த்துவிட்டு, “காத்துத் திரும்பிட்டுது ரீச்சர், பின்னேரம் படகு ஆடும்” என்றது. ஆடியது.

வைகாசியிலிருந்து புரட்டாதிவரை சோளகத்தின் ஆட்சி. நயினாதீவு அம்மன் திருவிழா ஆனியில் வருவதால் சனம் அதற்குள்ளேதான் கடல் கடக்கிறது. இப்போது கரை முழுக்கச் சாதாளை என்கிற கடற்புல் ஒதுங்கிக் கிடக்கிறது, அந்த மணம் உனக்கு நினைவிருக்கும். ஐப்பசியில் காற்று நிலைகொள்ளாமல் இடியும் மின்னலுமாகப் போய், கார்த்திகையில் வாடை என்கிற வடகிழக்குக் காற்று பிடித்துவிடும். அப்போது முகம் மாறுகிறது. சோளகத்தில் குளம்போல் கிடந்த பருத்தித்துறைப் பக்கம் கொந்தளிக்கும். முனையடியில் நின்றால் முருகைக்கல் (பவளப்பாறை) பாரில் அலை உடைவதைப் பார்க்கலாம். பார்க்கத்தான், வதனி. உன் மகன் அதைக் கண்டால் பலகையோடு இறங்க நிற்பான். ஒரு முழத் தண்ணீருக்குக் கீழே கல். விடாதே.

வற்றுப்பெருக்கையும், கடல் ஏறி இறங்குவதையும் கேட்டிருந்தான். உங்கள் ஊரில் அது ஆள் உயரம் ஏறி இறங்கும். எங்களிடம் ஒரு முழம், பௌர்ணமிப் பறுவத்துக்கும் அமாவாசைக்கும் கொஞ்சம் கூட. ஆனால் கரை அவ்வளவு தட்டை. முழம் வற்றினாலே பண்ணைப் பக்கத்தில் பரவைக்கடல் கண்ணுக்கெட்டிய தூரம் சேறாகி, மீன் பிடிக்க நட்ட சிறகுவலைக் கம்புகள் அடிவரை தெரியும். மாரியில் மண்டைதீவுப் பக்கம் பூநாரைகள் அங்கேதான் இறங்கும். இன்னொன்று, வாடைக்காலத்தில் கடல்மட்டமே சற்று உயர்ந்து நிற்கும். அதோடு காற்றும் தண்ணீரை ஒரு பக்கம் ஒதுக்கினால் நேர அட்டவணையைப் பார்த்துப் பயனில்லை.

இந்த ஆழமில்லாத கடலைப் பற்றிப் பேசும்போது எனக்குப் பயமும் உண்டு. பெரிய அலை வராது என்று நிம்மதியாக இருக்க முடியாது. புயல் வந்தால் தண்ணீர் போக இடமில்லாமல் கரையில் குவிந்துவிடும். 1964 மார்கழியில் இலங்கையைக் குறுக்கறுத்து வந்த புயல் அக்கரையில் தனுஷ்கோடியை அழித்து, வந்த ரயிலையும் வாரிக்கொண்டு போனது. அது இதே கடல். 2020இல் புரெவி திருகோணமலைப் பக்கம் கரை ஏறியபோது யாழ்ப்பாணம் வெள்ளத்தில் கிடந்ததை நீ வீடியோவில் பார்த்தாய். வகுப்பில் இதைச் சொல்லாமல் ஒரு மாரியையும் நான் விடுவதில்லை.

ஆகவே என் யோசனை இது. மார்கழியில் வந்து இறங்கியதும் முதலில் வெலிகமவுக்குப் போங்கள். அப்போது தெற்கில் பருவம். குடா மணல் தரை, பழகுகிறவர்களுக்கும் ஏற்றது. பலகையை அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம், சுமந்து வரவேண்டாம். அறுகம்பை அந்த மாதங்களில் ஓய்ந்துபோயிருக்கும், அதை இன்னொரு முறை ஆடியில் வைத்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு இங்கே வந்தால் வல்வெட்டித்துறையில் பட்டம் பார்க்கலாம், வாடை அதற்கும் வேண்டும். தை கடைசியில், ஜனவரி முடியுமுன், வாடை தளர்ந்த ஒரு காலையில் நெடுந்தீவு போவோம். பெருக்குமரமும் (பாவோபாப்) குதிரைகளும் காட்டுகிறேன். மாசி, பங்குனி என்றால் கடல் இன்னும் நல்லது, ஆனால் அவனுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கிவிடும். இடையில் காரைநகர் கசூரினா கடற்கரையில் குளிக்கட்டும், இடுப்பளவு தண்ணீரில் நெடுந்தூரம் நடக்கலாம்.

புறப்படுமுன் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பைப் பார்க்கச் சொல்லு. “புத்தளத்திலிருந்து மன்னார் ஊடாகக் காங்கேசன்துறை வரை” என்று வருகிற வரிதான் எங்களுக்குரியது. அதில் காற்று மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேல் என்று போட்டிருந்தால் அன்றைக்கு அம்மாவின் ஒடியல் கூழோடு வீட்டில் இருப்போம்.

திகதி நிச்சயமானதும் எழுது. நெடுந்தீவில் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கவேண்டும். மகன் மீன் சாப்பிடுவானா, இல்லையா?

அன்புடன்,
சுகந்தி