மீதி நூல் குள்ளன் பெட்டி: கணக்கும் தப்பு, நூலும் தப்பு

அனுப்புநர்:
குரோஷா பின்னும் பெண்கள் எழுவர்,
பாம்பன், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
கைவினைப் பெட்டி விற்பனை நிறுவனம்.

பொருள்: மீதி நூலில் குள்ளன் பொம்மை பின்னும் பெட்டி 12 – செய்முறைத் தாளில் பிழை, நூலில் கலப்பு – மாற்றித் தரக் கோருதல் தொடர்பாக.

அம்மா / ஐயா,

வணக்கம். கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கவும் விற்கவும் என்று தங்கள் இணையக் கடையில் 12 பெட்டி வாங்கினோம். கூம்புத் தொப்பி, உருண்டை மூக்கு, வெள்ளைத் தாடியுடன் 15 செ.மீ. உயரக் குள்ளன் என்று பெட்டியில் படம் போட்டிருக்கிறீர்கள். தாளில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து பின்பற்றி நான்கு பேர் தனித்தனியாகப் பின்னிப் பார்த்தோம். நான்கு பேருக்கும் ஒரே இடத்தில்தான் தவறியது. ஆகவே தப்பு கையில் இல்லை, தாளில் இருக்கிறது.

முதலில் உடல். மேஜிக் ரிங்கில் (இழுத்தால் இறுகும் தொடக்க வளையம்) 6 கண்ணி, இரண்டாம் சுற்றில் 12, அடுத்து 18, அடுத்து 24. இதுவரை சரி. ஐந்தாம் சுற்றுக்கு "2 சிங்கிள், 1 கூட்டல், 6 முறை, மொத்தம் 30" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். சிங்கிள் என்பது கீழ்க் கண்ணி ஒன்றில் ஒன்று பின்னுவது, கூட்டல் என்பது ஒன்றில் இரண்டு பின்னுவது. ஆகவே 2 சிங்கிளும் 1 கூட்டலும் சேர்ந்து கீழ்ச் சுற்றின் 3 கண்ணியைத்தான் எடுக்கும். 6 முறைக்கு 18. மிச்சம் 6 கண்ணி பின்னாமலே நிற்கும். சுற்றை முடித்தே தீருவது என்று போனால் 8 முறை வந்து 32 ஆகிவிடும். 30 வர "3 சிங்கிள், 1 கூட்டல், 6 முறை" என்று இருக்க வேண்டும். கூடுதலாக ஏறிய அந்த 2 கண்ணி உடனே தெரியாது என்பதுதான் கொடுமை. 13ஆம் சுற்றில் "3 சிங்கிள், 1 குறைத்தல், 6 முறை" வரும்போது (குறைத்தல் என்றால் இரண்டு கண்ணியை ஒன்றாக்குவது) 30 கண்ணி தீர்ந்து 2 மிஞ்சும். அதற்குள் எட்டுச் சுற்று மேலே ஏறியிருக்கும். புதிதாகப் பின்னுகிறவர் 12ஆம் சுற்றைத்தான் சந்தேகப்பட்டு அவிழ்ப்பார். குற்றவாளி கீழே ஐந்தில் உட்கார்ந்திருக்கும். மீன்வலை பொத்துகிற எங்களுக்குக் கண்ணிக் கணக்கைச் சொல்லித் தர வேண்டியதில்லை. உங்கள் தாளைச் சரிபார்த்தவர்களுக்கு யாராவது சொல்லித் தந்திருக்கலாம்.

சுற்றை மூடாமல் சுருளாகவே ஏறும் பின்னல் இது. சுற்று எங்கே தொடங்கியது என்று தெரிய ஒவ்வொரு சுற்றின் முதல் கண்ணியிலும் ஊக்கு மாட்ட வேண்டும் என்ற ஒரு வரிகூட இல்லை.

தொப்பிதான் இந்தப் பொம்மைக்கு முகம். சுவீடனில் டோம்டே, நார்வேயில் நிஸ்ஸே என்று சொல்லும் வீட்டுக்காவல் குள்ளனின் வாரிசு இது. இப்போது பின்னும் வடிவத்தில் கண் தெரியாது. தொப்பி மூக்கின் மேல் இறங்கி நிற்கும், அடியில் தாடி. தங்கள் தாளில் 6 கண்ணியில் தொடங்கி ஒவ்வொரு சுற்றிலும் 3 கூட்டச் சொல்கிறீர்கள். அப்படிச் செய்தால் 11ஆம் சுற்றிலேயே 36 கண்ணி வந்து தொப்பி முடிந்துவிடும். உயரம் ஐந்தரை செ.மீ.கூடத் தேறாது. பனங்கொட்டானைக் கவிழ்த்தது போல அகலமாக உட்காருகிறது. படத்தில் உள்ள ஒல்லித் தொப்பி வர, ஒரு கூட்டல் சுற்றுக்கு ஒரு வெறும் சுற்று (கூட்டாமல் பின்னும் சுற்று) வேண்டும். 2ஆம் சுற்றில் 9, 3ஆவது வெறும் சுற்று, 4இல் 12, 5ஆவது வெறும் சுற்று, இப்படியே போனால் 20ஆம் சுற்றில் 36. 21ஐ வெறுமனே பின்னி அறுத்தால் பத்து செ.மீ. நிற்கும். படத்துக்குப் பின்னியவர் இப்படித்தான் பின்னியிருக்கிறார். அச்சுக்குப் போகும்போது யாரோ "வெறும் சுற்று" வரிகளை வீணென்று நினைத்து வெட்டியிருக்க வேண்டும்.

மூன்றாம் பக்கத்தில் மூக்குக்கும் கைகளுக்கும் திடீரென்று "டபுள் குரோஷே" வருகிறது. பிரிட்டிஷ் முறையில் டபுள் என்பது அமெரிக்க முறையின் சிங்கிள்தான். முதல் இரண்டு பக்கமும் அமெரிக்கப் பெயர், மூன்றாவது மட்டும் பிரிட்டிஷ் பெயர் என்றால் எந்தப் பக்கத்திலும் அதைச் சொல்ல வேண்டாமா? அமெரிக்க டபுளாக எடுத்துப் பின்னினால் கண்ணி நெட்டையாகி, கண்ணிக்கும் கண்ணிக்கும் நடுவே பஞ்சு எட்டிப் பார்க்கிறது.

இனி நூல். மீதி நூல் என்பதால் துண்டு துண்டாக இருப்பதைக் குறை சொல்ல மாட்டோம். முடிச்செல்லாம் பொம்மைக்கு உள்ளே போய்விடும். ஒரு மீட்டருக்குக் குறையாத துண்டு எதுவும் பயன்படும். எங்கள் புகார் கனத்தைப் பற்றியது. ஒரே பெட்டியில் மூன்று கன நூலைப் போட்டு எல்லாவற்றிலும் "4 பிளை" என்று ஒரே கனப் பெயரை ஒட்டியிருக்கிறீர்கள். ஸ்கேலில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், இடைவெளி விடாமல் சுற்றி ஒரு அங்குலத்துக்கு எண்ணிப் பார்த்தோம்; சுற்று கூடினால் நூல் மெல்லியது. உடலுக்கான பச்சை 11 சுற்று, தொப்பிக்கான சிவப்பு 16, அடித்தட்டுக்கான சாம்பல் 9. சால்வைக்கு இது பெரிய பாதகம் இல்லை. குள்ளனுக்குத் தொப்பியும் உடலும் அளவு பொருந்தியே ஆக வேண்டும். பச்சையில் அங்குலத்துக்கு 5 கண்ணி விழுகிறது. 30 கண்ணி உடலின் சுற்றளவு 6 அங்குலம். அதே நூலில் 36 கண்ணித் தொப்பி என்றால் 7 அங்குலத்துக்கு மேல் வந்து வசதியாக இறங்கும். சிவப்பிலோ அங்குலத்துக்கு 7 கண்ணி விழுகிறது. 36 கண்ணிக்கு 5 அங்குலத்துக்குச் சற்றே கூடுதல். தொப்பி தலையில் ஏறவே ஏறாது.

மெல்லிய சிவப்பை இரட்டை இழையாகப் பிடித்தால் 11 சுற்றுக் கனத்துக்கு வந்துவிடும். அதையும் செய்து பார்த்தோம். தொப்பிக்குச் சுமார் 11 கிராம் பிடிக்கிறது. பெட்டியில் இருப்பது 8 கிராம். பாதியில் நிற்கும் தொப்பி ஒன்றை இத்துடன் அனுப்பியிருக்கிறோம்.

தாடி நூல் இன்னும் வேடிக்கை. இழைகளைப் பிரித்து, கம்பி பிரஷால் சீவிப் பஞ்சுபோல் ஆக்கச் சொல்கிறீர்கள். அக்ரிலிக் என்றால் நன்றாகப் பிரியும், கம்பளியும் பிரியும். நீங்கள் வைத்திருப்பது பளபளப்பேற்றிய பருத்தி நூல். எவ்வளவு சீவினாலும் இழை அறுந்து கையோடு வருகிறதே தவிர புசுபுசுக்காது. உறையில் "100 சதவீதம் அக்ரிலிக்" என்றிருந்ததால் ஒரு துண்டைக் கொளுத்திப் பார்த்தோம். அக்ரிலிக் உருகிக் கருப்பாகக் கட்டியாக வேண்டும். இது காகிதம் எரிந்த வாசத்தோடு சாம்பலாயிற்று. உறையில் எழுதியது ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று.

சிவப்பு சாயமும் நிற்கவில்லை. ஈர வெள்ளைத் துணியில் தேய்த்தால் ரோஸ் நிறம் ஒட்டுகிறது. வாடைக்காற்று மாதங்களில் இங்கே துணி காய்வதே பெரும்பாடு. அந்த ஈரத்தில் தொப்பிச் சிவப்பு தாடிக்கு இறங்கினால் குள்ளன் வெற்றிலை போட்டவர்போல் ஆகிவிடுவார். வினிகரில் ஊறப்போடுங்கள் என்று தங்கள் வாடிக்கையாளர் சேவை சொன்னது. பருத்திச் சாயத்தை வினிகர் பிடித்து வைக்காது.

ஊசி 4 மி.மீ. கொடுத்திருக்கிறீர்கள். பஞ்சு அடைக்கும் பொம்மைக்கு, அதே நூலில் சட்டை பின்னும் ஊசியைவிடச் சின்னது வேண்டும்; பச்சை நூலுக்கு 3 மி.மீ. சரியாக வந்தது. ஊசியில் அலுமினியம் என்று பொறித்திருக்கிறது, ஆனால் காந்தம் ஒட்டுகிறது. பாம்பனில் காற்றிலேயே உப்பு இருக்கிறது. மூன்றாம் வாரத்தில் கொக்கியில் துரு ஏறி வெள்ளை நூலில் கறை விழுந்தது. அந்தக் கறை எளிதில் போகாது.

குள்ளன் நிமிர்ந்து நிற்க அடியில் "ஏதாவது கனமான பொருளோ 30 கிராம் அரிசியோ" போடச் சொல்கிறீர்கள். அரிசியில் வண்டு விழும், கடற்கரை ஈரத்தில் பூசணமும் பிடிக்கும். கடல் மணலும் ஆகாது. அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்து அடித்தட்டு எப்போதும் நமுத்தே இருக்கும். இவை போகட்டும். "ஏதாவது கனமான பொருள்" என்று எங்கள் ஊரில் சொன்னால் முதலில் கையில் கிடைப்பது வலையின் அடியில் கட்டும் ஈயக் குண்டு. ஈயம் நஞ்சு, குழந்தை வாயில் வைக்கும் பொம்மைக்குள் அது போகவே கூடாது. அந்த வரியை உடனே நீக்குங்கள். நன்னீரில் கழுவிக் காயவைத்த கூழாங்கல்லோ கண்ணாடி மணியோ, தனித் துணிப்பையில் நெருக்கமாகத் தைத்து வைத்தால் போதும். அடித்தட்டில் வைக்கும் அட்டை வட்டத்துக்குப் பதில் ஐஸ்கிரீம் டப்பா மூடியை வெட்டி வைத்தால் வளையாது.

பெட்டியின் மேல் "2 வயது முதல்" என்று இருக்கிறது. உள்ளே மார்பில் தைக்கச் சின்ன மணிப் பொத்தான்கள். 3 வயதுக்குட்பட்ட குழந்தையின் பொம்மையில் சிறு பாகங்கள் கூடாது என்பது ஐ.எஸ். 9873 என்ற இந்தியப் பொம்மைப் பாதுகாப்புத் தரத்திலேயே உள்ளது. தயாரித்தவர் முகவரியும் நிகர அளவும் பெட்டியில் இல்லை. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள்படி இவை கட்டாயம்.

நாங்கள் கேட்பது: 12 பெட்டிக்கும் ஒரே கனத்தில் சிவப்பு, பச்சை, சாம்பல் நூலும், சீவினால் பிரியும் வெள்ளை அக்ரிலிக்கும், 3 மி.மீ. ஊசியும் அனுப்புங்கள், முடியாவிட்டால் முழுப் பணத்தையும் திருப்புங்கள். திருத்திய தாளை எங்களுக்கு மட்டும் அல்ல, இதுவரை பெட்டி வாங்கிய எல்லோருக்கும் அனுப்புங்கள். திருத்தம் வரும்வரை இணையக் கடையில் அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள்.

2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள்படி 48 மணி நேரத்தில் இந்தப் புகார் கிடைத்ததாகத் தாங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். இல்லையேல் 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும், அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடுவோம்.

இப்படிக்கு,
குரோஷா பின்னும் பெண்கள் எழுவர்,
பாம்பன்.

இணைப்பு: பாதியில் நின்ற சிவப்புத் தொப்பி 1, 32 கண்ணி உடல் 1, கொளுத்திப் பார்த்த தாடி நூல், துருவேறிய ஊசி, சிவப்பு மையால் திருத்திய செய்முறைத் தாள், ரசீது நகல்.