செந்திலுக்கு, வண்டிக்கு அடியில் படுத்து எழுந்தவன் எழுதுவது

மாப்ள செந்தில்,

நீ மார்ச்சில் அனுப்பிய வாய்ஸ் மெசேஜுக்கு இப்போதுதான் பதில். நாலு நிமிஷத்தில் மூன்று நிமிஷம் என்னைத் திட்டியிருந்தாய், அத்தனையும் நியாயம்தான். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று குமரேசன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. உன் வீட்டுச் செய்தியை அவன் வாயால் கேட்கிற நிலைக்கு வந்துவிட்டேன் பார், அதைவிடக் கேவலம் வேறு இல்லை. இங்கே எல்லோரும் சுகம். கவிதாவுக்கு வேலை மாறியிருக்கிறது, நிலா இந்த வருஷம் ஜிசிஎஸ்இ எழுதுகிறாள், நம் ஊர் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மாதிரி. குசலம் முடிந்தது.

உன் பையன் பழைய டெம்போ ட்ராவலர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறான், அதைக் கேம்பர் வேனாக்கி ஊர் சுற்றப் போகிறான், நீதான் அங்கே ஒன்று வைத்திருக்கிறாயே, எப்படி என்று கேட்டிருந்தாய். மார்ச்சிலேயே பதில் போட்டிருந்தால் "சூப்பர்டா, வாங்கச் சொல்லு" என்று எழுதி, மலைக்கு முன்னால் வண்டி நிற்கிற போட்டோ நாலு அனுப்பியிருப்பேன். போன சனி, ஞாயிறு ஒரு வகுப்புக்குப் போய் வந்தேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன், நேராகக் கீழே போய்ப் படிக்காதே.

என் வண்டி 1997 வோக்ஸ்வேகன் டி4. 2.4 லிட்டர் டீசல், 5 சிலிண்டர், டர்போ கிடையாது. மேட்டில் ஏறும்போது பின்னால் வரும் லாரிக்காரன் பரிதாபப்பட்டு ஒதுங்குவான். லண்டனுக்குள் ஓட்டினால் நாளைக்கு 12.50 பவுண்டு புகை வரி. ஈஸ்ட் ஹாம் முருகன் கோவிலுக்குப் போனால் உண்டியலில் போடுவதைவிட மேயருக்குப் போடுவது அதிகம். இரண்டு வருஷமாக வைத்திருக்கிறேன். பெட்ரோல் பங்கில் டீசல் மூடியைத் திறப்பதைத் தவிர இந்த வண்டியில் நான் எதையும் திறந்ததில்லை என்பது அந்த வகுப்பில்தான் எனக்கே உறைத்தது.

வகுப்பு வில்ட்ஷர் பக்கம் ஒரு பண்ணையில், வைக்கோல் கொட்டகைக்குள். பழைய டீசல் வேன் வைத்திருக்கிறவர்களுக்கு மட்டும், அரிச்சுவடியிலிருந்து. சொல்லித்தருகிறவர் எழுபதைத் தாண்டியவர், பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், சிரிக்கவே மாட்டார். நாங்கள் எட்டுப் பேர். வணக்கம்கூடச் சொல்லாமல் முதல் கேள்வி: "உங்கள் வண்டியில் இப்போது ஆயில் எவ்வளவு இருக்கிறது?" எல்லோரும் ஓடினோம். காலேஜில் தெர்மல் இன்ஜினியரிங் பேப்பரில் 91 மார்க் வாங்கி, உன்னைப் பார்த்து ஒரு செமஸ்டர் முழுக்கச் சிரித்தவன், டிப்ஸ்டிக் எங்கே இருக்கிறது என்று மூன்று நிமிஷம் தேடினேன். பக்கத்து வண்டிக்கார நர்ஸம்மா காட்டிக் கொடுத்தார். சிரி, நன்றாகச் சிரித்துக்கொள்.

ஆயில் கறுப்பாக இருந்ததால் கெட்டுப்போச்சு என்று பயந்து, பணம் கொடுத்து இரண்டு தடவை முன்கூட்டியே மாற்றியிருக்கிறேன். டீசல் எஞ்சினில் புது ஆயில்கூட ஒரு வாரத்தில் கரி ஏறிக் கறுத்துவிடுமாம். ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் பால் காபி நிறத்தில் கொழகொழவென்று இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும், தண்ணீர் கலந்திருக்கலாம். இது உனக்கு ஏழு வயதிலேயே தெரிந்திருக்கும்.

இனிமேல்தான் உனக்குப் பிடித்த இடம். போன குளிர்காலம் முழுக்க என் வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகும், பத்து நொடி ஓடும், இருமிக்கொண்டு நிற்கும். அப்புறம் ரொம்ப நேரம் செல்ப் அடித்தால்தான் மறுபடி பிடிக்கும். இங்கே ஒரு கராஜில் பேட்டரியை மாற்றினார்கள், அடுத்து ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றினார்கள், மூன்றாவதாக என் பொறுமையை மாற்றினார்கள். எங்கள் வாத்தியார் பானட்டைத் திறந்து டீசல் பில்டரிலிருந்து பம்புக்குப் போகும் பிளாஸ்டிக் குழாயைக் காட்டினார். கண்ணாடி போல உள்ளே தெரியும் குழாய். எஞ்சினை ஓடவிட்டு டார்ச் அடித்தார். டீசலுக்குள்ளே பொடிப்பொடியாகக் குமிழி, சோடா பாட்டிலை அப்போதுதான் திறந்த மாதிரி, ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தது. ஏர் இழுக்குது மாப்ள! அவ்வளவுதான் விஷயம். பில்டர் தலையில் கிளிப் போட்டுச் செருகியிருக்கும் சின்ன வால்வுக்கு அடியில் குழந்தை மோதிரம் அளவுக்கு ரப்பர் ஓ-ரிங், இத்தனை வருஷத்தில் காய்ந்து தட்டையாகிவிட்டது. ஒரு பவுண்டுகூடப் பெறாது. நான் அதுவரை கொடுத்தது 400-க்கு மேல்.

இதில் ஒரு நுணுக்கம். இந்த வண்டியில் டேங்கிலிருந்து தள்ளிவிடும் பம்ப் கிடையாது, எஞ்சினில் இருக்கும் பாஷ் பம்பே உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சுகிற குழாயில் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். கீழே ஈரமே இல்லையே, லீக் இல்லை என்று கராஜ்காரர்கள் சொன்னது இதனால்தான். உங்கள் லாரியில் ஏரை வெளியேற்ற அமுக்குகிற ஹேண்ட் பம்பும் இதில் கிடையாது. அதனால் புது பில்டரை டீசலால் நிரப்பித்தான் மாட்ட வேண்டும். அப்படியும் ஏர் உள்ளே தங்கியிருந்தால், எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலுக்குப் போகும் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்திவிட்டு செல்ப் அடிக்க வேண்டும், டீசல் கசிந்ததும் இறுக்க வேண்டும். நட்டு என்ன சைஸ் தெரியுமா? 17.

வாத்தியார் அந்த ஸ்பேனரை என் கையில் கொடுத்ததும் எனக்கு ஒரு நிமிஷம் உங்கள் சங்ககிரி பட்டறைதான் ஞாபகம். இரண்டாம் வருஷ லீவில் உங்கள் வீட்டுக்கு வந்தபோது லேலண்டு பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உன் அப்பா என்னைக் கூப்பிட்டார், "தம்பி, குமிழி நிக்கிற வரைக்கும் இதை அமுக்கிக்கிட்டே இருக்கோணும்." வெள்ளைச் சட்டை போட்டிருக்கிறேன் என்று நான் நழுவினேன். நீ அமுக்கினாய். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, சாப்பிடும்போது மட்டும் "படிச்ச கையி, அழுக்காகக் கூடாது" என்று என் இலையில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். கிண்டலா, நிஜமா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. கேட்டுச் சொல்லு.

ஒரு எச்சரிக்கை, பையனுக்கு: எஞ்சின் ஓடும்போது நாசில் பைப்பில் கசிவு எங்கே என்று விரல் வைத்துத் தேடவே கூடாது. 100 பாருக்கும் மேலான அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தின புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். அட்டைத்துண்டை நீட்டிப் பார்க்கலாம். நர்ஸம்மா இதைக் கேட்டதும் தன் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

அடுத்தது டைமிங் பெல்ட், வால்வும் பிஸ்டனும் தாளம் தப்பாமல் ஓட வைக்கிற பட்டை. உங்கள் லேலண்டில் எல்லாம் பல்சக்கரம், யாரும் கவலைப்பட்டதே இல்லை. பழைய ட்ராவலர் எஞ்சின் பென்ஸ் வழி வந்தது, அதிலும் செயின்தான், உன் பையன் பிழைத்தான். என்னுடையதில் ரப்பர் பெல்ட், அதுவும் ஒன்றல்ல, இரண்டு. முன்பக்கம் ஒன்று, வால்வைத் திறந்து மூடும் கேம்ஷாப்டையும் வாட்டர் பம்பையும் சுற்றும், பின்பக்கம் கியர்பாக்ஸ் ஓரமாக ஒளிந்திருக்கும் இன்னொன்று டீசல் பம்பைச் சுற்றும். முன்பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் மோதி எஞ்சின் காலி. ஆனால் நிறையப் பேர் முன்னதை மாற்றிவிட்டுப் பின்னது ஒன்று இருப்பதையே மறந்துவிடுகிறார்களாம். வண்டியோடு வந்த பழைய பில்களைப் புரட்டினேன். 2019-இல் முன்னது மாற்றியிருக்கிறது. பின்னதைப் பற்றி ஒரு வரி இல்லை. இரண்டையும் சேர்த்து மாற்ற 700 பவுண்டு கேட்கிறார்கள். கவிதாவின் முகத்தைக் கற்பனை செய்துகொள்.

எஞ்சினைக் குளிரவைக்கும் கூலன்ட், ஹீட்டர் பிளக் எல்லாம் இருக்கிறது, எழுதினால் நீ தூங்கிவிடுவாய். ஒன்று மட்டும்: எந்தக் கூலன்ட் இருக்கிறதோ அதையே ஊற்றச் சொல்லு. நீலத்தையும் சிவப்பையும் கலந்து ஊற்றியவர் ஒருவர் வந்திருந்தார், அவர் வண்டித் தொட்டியில் இருந்தது பழைய புளிக்கரைசல் மாதிரி. வழியில் டீக்கடைக் குடத்துத் தண்ணீரை ஊற்றுகிற உங்கள் குடும்பப் பழக்கத்தையும் அப்படியே நிறுத்தலாம்.

சரி, தூக்கம் போன கதை.

ஞாயிறு மதியம் ஒவ்வொரு வண்டியாக ராம்பில் ஏற்றி அடிப்பாகம் பார்த்தோம். என் வண்டியில் தூங்கும்போது குளிருக்கு டீசல் ஹீட்டர் உண்டு, எனக்கு முன்னால் வைத்திருந்தவர் சீட்டுக்கு அடியில் மாட்டியது. அதன் புகைக்குழாய் தரை வழியாக இறங்கி ஓரமாகப் போகும். வாத்தியார் டார்ச்சை ஒரே இடத்தில் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். ஹீட்டரிலிருந்து வரும் இடத்தில் கிளாம்ப் துருப்பிடித்துக் கழன்று, குழாய் ஒரு விரல் அகலம் விலகித் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் மேலே தகரத்தில் கறுப்பாகக் கரி. கரிக்குப் பக்கத்தில், ஒயர் கொண்டுபோகப் போட்ட ஐந்து ரூபாய்க் காசு அளவு ஓட்டை, அடைக்கவே இல்லை. அந்த ஓட்டைக்கு மேலே என்ன இருக்கிறது என்று கேட்டார். நிலாவின் தலையணை.

போன அக்டோபரில் வேல்ஸ், ஏப்ரலில் லேக் டிஸ்ட்ரிக்ட். மொத்தம் பதினோரு ராத்திரி அந்த ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தூங்கியிருக்கிறோம். ஏப்ரலில் இரண்டு காலை அவள் தலைவலி என்றாள். ராத்திரியெல்லாம் போன் பார்த்தால் அப்படித்தான் என்று நான் திட்டி, பாராசிட்டமால் கொடுத்தேன். புகைதான் காரணமா என்று யாராலும் இனிமேல் சொல்ல முடியாது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்கிற விஷ வாயுவுக்கு வாசனை கிடையாது, அது உனக்கும் எனக்கும் பாடத்தில் இருந்தது, அந்தக் கேள்விக்கும் நான் முழு மார்க் வாங்கியிருப்பேன்.

2024 டிசம்பரில், கேரளாவில் வடகரையில் ரோட்டோரம் நிறுத்தின கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்த செய்தியை எனக்கு அனுப்பினது நீதான், ஞாபகம் இருக்கிறதா? ஜெனரேட்டர் புகை உள்ளே வந்து போனவர்கள். "உன் வண்டியில் பார்த்துக்கோடா" என்று எழுதியிருந்தாய். நான் கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பினேன். நேற்று தேடிப் பார்த்தேன், அதுதான் என் பதில்.

பையன் ஏசிக்கு ஜெனரேட்டர் வைக்கப் போகிறான் என்று மெசேஜில் சொன்னாயே, அதை மட்டும் விடச் சொல்லு. பேட்டரியும் சோலாரும் போதும், வியர்த்தால் வியர்க்கட்டும். தரையில் எத்தனை ஓட்டை போடுகிறானோ அத்தனையையும் அன்றைக்கே அடைக்கச் சொல்லு. படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டச் சொல்லு, கேரவனுக்கென்றே தரம் இருக்கிறது, இஎன் 50291-2 என்று போட்டிருக்கும். எனக்கு இரண்டு வாங்கினேன், மூன்றாவது ஒன்று அவனுக்கு. ஆகஸ்டில் குமரேசன் தங்கை ஊருக்கு வருகிறாள், கொடுத்தனுப்புகிறேன். அப்புறம், உள்ளே சீட்டைக் கழற்றிக் கட்டில் போடுவதற்கு முன்னால் ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுக்கொள்ளட்டும், ஆர்.சி.யில் இருப்பதற்கு மாறாக இருந்தால் வம்பு.

ஹீட்டரைக் கழற்றிவிட்டேன், கராஜ் மூலையில் கிடக்கிறது. ஓட்டையை அடைத்தாயிற்று. கவிதாவிடம் இன்னும் சொல்லவில்லை. நிலாவுக்குக் கடைசிப் பரீட்சை புதன்கிழமை முடிகிறது, அன்று ராத்திரி சொல்லலாம் என்று இருக்கிறேன். வியாழக்கிழமை உனக்குப் போன் வரவில்லை என்றால் நீயே கூப்பிடு, முதலில் கவிதாவிடம் பேசு.

அப்பாவிடம் அந்தக் குழம்பு விஷயம் மறக்காமல் கேள்.

உன்
ரவி