சுமி, உன் எக்செல் ஷீட்ல பாதியை அழிச்சிட்டேன்

அன்புள்ள சுமி,

உன் மெயில் வந்து பத்து நாளாச்சு, பதிலே போடலைன்னு கண்டிப்பா திட்டியிருப்ப. ஆபீஸ்ல குவார்ட்டர் முடிவு, பையனுக்கு எக்ஸாம், நடுவுல எனக்கு ஒரு வாரம் சளி, எல்லாம் ஒண்ணா வந்து நின்னுச்சு. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு படிச்சதும்தான் நிம்மதி. கருப்புக் கண்ணாடி போட்டுட்டு டிவி முன்னாடி உக்காந்திருக்காங்கன்னு எழுதியிருந்தல்ல, அத நெனச்சு நெனச்சு ரெண்டு நாளு சிரிச்சேன்.

சரி, விஷயத்துக்கு வரேன். பொண்ணை ஹாஸ்டல்ல விட்டாச்சு, இனிமே எனக்குன்னு பத்து நாளு வேணும், செப்டம்பர்ல அங்க வரேன், மலை ஏறணும், அந்த இரும்புக் கம்பி பிடிச்சு ஏறுற ஃபெராட்டாவும் பண்ணணும்னு எழுதியிருக்க பாரு, அதப் படிச்சப்ப ட்ரெயின்ல உக்காந்துட்டே கத்திட்டேன், எதிர்ல இருந்த ஜெர்மன்காரர் பயந்துட்டாரு. காலேஜ் படிக்கறப்ப உங்க அண்ணன் செட்டு மூங்கில் தடியோட வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறிட்டு வந்து கதை கதையா அளப்பாங்க, நம்மள மட்டும் பூண்டி கோயில் அடிவாரத்தோட நிறுத்திருவாங்க, பொம்பளைங்க மேல போகக் கூடாதுன்னு. அன்னைக்கு நீ படிக்கட்டுல உக்காந்து மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டது இன்னும் ஞாபகம் இருக்குடி. இப்ப நாப்பத்தாறு வயசுல ரெண்டு பேரும் மலை ஏறப் போறோம், அதுவும் இத்தாலிக்கு வடக்கால இருக்கற டோலோமைட்ஸ் மலையில.

ஆனா நீ பிளான் போட்டு அனுப்பின எக்செல் ஷீட்டைப் பாத்து தலை சுத்திருச்சு. ஏழு நாள்ல ஆறு ஃபெராட்டா, நடுவுல மார்மோலாதா வேற. யூட்யூப் பாத்துதான் போட்டிருக்கன்னு தெரியுது. மார்மோலாதா 3343 மீட்டர், டோலோமைட்ஸ்லயே உயரமானது, மேற்கு முகடு வழியா போற கம்பிப் பாதை 1903லயே போட்டது, படம் எல்லாம் அப்படியே ஆளை இழுக்கும், ஒத்துக்கறேன். ஆனா பனிப்பாறை மேல நடக்கணும், ஐஸ் மேல போறதுக்கு ஷூவுக்கு அடியில மாட்டற முள்ளு, அதான் க்ராம்பான், கயிறு, அத இழுக்கத் தெரிஞ்ச ஆளு எல்லாம் வேணும். 2022 ஜூலை 3ம் தேதி அந்த பனிப்பாறை உடைஞ்சு விழுந்து 11 பேர் செத்தாங்க. அத மொத வேலையா டிலீட் பண்ணிட்டேன். மோந்தே பத்தேர்னோ மலையையும் தூக்கிட்டேன், அது அழகான இடம், கஷ்டமும் பெருசா இல்ல, ஆனா மொத ட்ரிப்புக்கு வேண்டாம், அடுத்த வருஷத்துக்கு ஒண்ணு மிச்சம் இருக்கட்டும்.

இன்னொண்ணு, நீ நேரம் கணக்குப் போட்டது மொத்தமும் தப்பு. கூகுள் மேப்ல 8 கிலோமீட்டர்னு பாத்து ரெண்டு மணி நேரம்னு எழுதியிருக்க, அது ரேஸ்கோர்ஸ்ல காலையில வாக்கிங் போற கணக்கு. இங்க எப்படின்னா ஒரு மணி நேரத்துக்கு 300 மீட்டர் ஏத்தம், இறக்கம்னா 500, சமதளத்துல 4 கிலோமீட்டர். ஏத்த இறக்க நேரம் தனியா, தூரத்துக்கான நேரம் தனியா எடுத்துட்டு, எது பெருசோ அதோட சின்னதுல பாதிய கூட்டணும். 8 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏத்தம்னா ரெண்டும் ரெண்டும், ஆக மூணு மணி நேரம். நமக்கு அதுக்கு மேல ஒரு மணி, நீ போட்டோ எடுக்கறதுக்கு இன்னொரு மணி.

ஃபெராட்டான்னா சும்மா இரும்புப் பாதைன்னுதான் இத்தாலியன்ல அர்த்தம், இங்க ம்யூனிக் பக்கம் க்ளெட்டர்ஸ்டைக்னு சொல்லுவாங்க. பாறையில முளை அடிச்சு அதுல எஃகுக் கம்பிய கட்டியிருப்பாங்க, அங்கங்க இரும்பு ஏணி, காலு வைக்க கொக்கி. நம்ம இடுப்புல ஹார்னஸ், அதுலருந்து ரெண்டு கை மாதிரி பட்டை, ஒவ்வொண்ணு முனையிலயும் ஒரு கராபினர், அதாவது அமுக்கினா திறக்கற கொக்கி. ரெண்டையும் கம்பியில மாட்டிக்கிட்டு ஏறணும். முளை வந்தா ஒண்ணை மட்டும் கழட்டி முளைக்கு அந்தப் பக்கம் மாட்டு, அப்புறம்தான் ரெண்டாவது. ரெண்டும் ஒரே நேரத்துல கழண்டிருக்கவே கூடாது, இது ஒண்ணை தூக்கத்துல கேட்டாலும் சொல்லணும் நீ. அப்புறம் ரெண்டு முளைக்கு நடுவுல ஒரு ஆளுதான். ஏன்னா விழுந்தா பட்டை நீளத்தோட நிக்காது, கம்பியோடயே வழுக்கிட்டு கீழ் முளை வரைக்கும் போகும், அது நாலஞ்சு மீட்டர்கூட இருக்கலாம், கீழ ஆள் நின்னா அவரையும் சேத்து இழுத்துரும். அந்த வேகத்தை வாங்கிக்கத்தான் செட்டுல ஒரு மடிச்சுத் தைச்ச பட்டை இருக்கு, விழுந்தா தையல் கிழிஞ்சு கிழிஞ்சு வேகத்தைக் குறைக்கும். ஒரு தடவை கிழிஞ்சா செட்டு குப்பைக்குத்தான். அதனால யாரோ வித்த பழைய செட்டு ஓஎல்எக்ஸ்ல கெடைக்குதுன்னு வாங்கிடாத தாயே, இங்கயே வாடகைக்கு எடுத்துக்கலாம், ஹெல்மெட்டோட.

போன வருஷம் ஜூலையில நான் மொத தடவை போன கதைய முழுசா உனக்கு சொல்லல, வெக்கமா இருந்துச்சு. அவெராவ்னு ஒரு மலை, 2649 மீட்டர், கோர்தினாங்கற ஊரு பக்கத்துல. சுலபமான ஃபெராட்டான்னு எல்லா புக்லயும் போட்டிருக்கும், கம்பி இருக்கறதே கொஞ்ச தூரம்தான், ஆனா ஆரம்பமே ஒரு செங்குத்துச் சுவரு. நான் என்ன பண்ணேன், கம்பிய ரெண்டு கையாலயும் பிடிச்சு கிணத்துல தண்ணி எறைக்கற மாதிரி உடம்ப மேல இழுத்தேன். அஞ்சே நிமிஷம், முன்கை கல்லு மாதிரி இறுகிருச்சு, விரல் விரியல. முளைகிட்ட கராபினரை அமுக்கித் திறக்கணும், பெருவிரலுக்கு பலமே இல்ல. கை நடுங்குது, கராபினர் கம்பியில பட்டு டக் டக் டக்னு சத்தம், கீழ ரெண்டு பேரு காத்துட்டிருக்காங்க. கிளவுஸ் போட சோம்பேறித்தனம் வேற, கம்பியில பிசிறு ஒண்ணு உள்ளங்கையில ஏறி ரத்தம். அப்பத்தான் கீழ நின்ன ஒரு பாட்டி, எழுபது வயசு இருக்கும், பதறாம ஜெர்மன்ல "காலு, காலு, கைய விடு" அப்படின்னாங்க. கைய நீட்டித் தொங்க விட்டு, காலை அடுத்த மேட்டுல வச்சு, எழுந்து நின்னேன். அவ்வளவுதான் விஷயம். மாடிப்படி ஏறறப்ப கைப்பிடியப் பிடிச்சுத் தொங்கிட்டா ஏறுவோம்? அது மாதிரிதான்.

அதவிட பெரிய தப்பு என்னன்னா அன்னைக்கு பத்தரை மணிக்குத்தான் கிளம்பினோம், ஹோட்டல் காலை சாப்பாடு விட மனசில்லாம. ஒரு மணிக்கு மேற்கால வானம் கத்திரிக்கா நிறத்துக்கு வந்துருச்சு, மேல சிகரம் இன்னும் கால் மணி நேரம் நடந்தா போதும், சிலுவை கண்ணுக்குத் தெரியுது. கூட வந்த ஆபீஸ் பொண்ணு போயிரலாம்னா, நான் இல்லன்னு சொல்லித் திரும்பிட்டேன், அந்த நாள்ல நான் பண்ண ஒரே நல்ல காரியம். இடி மழையில நூறு மீட்டர் எஃகுக் கம்பிய பிடிச்சுட்டு நிக்கறது இடிதாங்கியக் கட்டிப் பிடிச்சுட்டு நிக்கற மாதிரி. கீழ ஹட்டுக்குள்ள, அதான் மலையேறறவங்க தங்கற விடுதி, வந்து சூப் கிண்ணத்தை கையில வாங்கறப்ப முதல் இடி, ஜன்னல் அதிருச்சு. கோடையில மத்தியானம் ஆனா இங்க இப்படித்தான், அதனால நாம ஏழு மணிக்கு ஹட்ட விட்டுக் கிளம்பறோம், பன்னெண்டு ஒண்ணுக்குள்ள கம்பியெல்லாம் முடிச்சிருக்கணும். நீ காலையில எழ மாட்டன்னு தெரியும், நான் எழுப்புவேன்.

இப்ப நான் போட்ட பிளான். செப்டம்பர் முதல் வாரத்துக்கு அப்புறம்தான், ஆகஸ்ட் 15 ஒட்டி இத்தாலி முழுக்க லீவு, மலையெல்லாம் நம்ம பழனி தைப்பூசக் கூட்டம். செப்டம்பர்ல மழை இடி கம்மி, ஆனா ஹட்டெல்லாம் இருபதுக்கு மேல ஒண்ணொண்ணா மூட ஆரம்பிச்சுருவாங்க, அதனால இடைப்பட்ட ரெண்டு வாரம்தான் நமக்கு.

மொத நாள் கார்ல போய் இறங்கி சும்மா சுத்தறோம். கோர்தினாவுலயே தங்கலாம்னு நீ எழுதியிருக்க, அது 1956லயும் 2026லயும் குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்த ஊரு, விலையும் அதுக்கேத்த மாதிரி, அதனால கொஞ்சம் தெக்கால சான் வீத்தோல ரூம் பாக்கறேன். ரெண்டாவது நாள் சொராபிஸ் ஏரி. த்ரே க்ரோசி கணவாய்ல இருந்து 215ம் நம்பர் பாதை, சிவப்பு வெள்ளை பட்டை பாறையில அடிச்சிருக்கும், போக ரெண்டு மணி நேரம், கூட்டம் இருக்கும். ஃபெராட்டா செட்டு வேண்டாம், ஆனா நடுவுல ஒடுக்கமான இடத்துல கைப்பிடிக் கம்பி வரும், ஒரு பக்கம் பள்ளம். உனக்கு உயரம் பயமா இல்லையான்னு அங்க தெரிஞ்சுரும். பயமா இருந்துச்சுன்னா மிச்ச பிளான் மாத்திக்கலாம், சத்தியமா எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஏரித்தண்ணி பால் கலந்த நீலம், குளிக்கக் கூடாது, நீ கேப்பன்னு முன்னாடியே சொல்லிட்டேன்.

மூணாவது நாள் சிங்க்வே தோர்ரி, அஞ்சு கோபுரம் மாதிரி பாறை. சேர் லிஃப்ட்ல 2255 மீட்டர் வரைக்கும் போயிரலாம், பாறையச் சுத்தி முதல் உலகப்போர் பதுங்கு குழியெல்லாம் திரும்ப சரி பண்ணி வச்சிருக்காங்க. அங்கருந்து மெதுவா நடந்தா அவெராவ் ஹட், ராத்திரி அங்க. அதுக்கும் மேல அரை மணி நேரத்துல நுவோலாவ் ஹட், 2575 மீட்டர், 1883ல கட்டினது. நோய்ல இருந்து பொழைச்ச ஒரு சாக்ஸனி ராணுவ அதிகாரி நன்றிக்கடனா பணம் குடுத்துக் கட்ட வச்சாராம், போர்ல நாசமாகி அப்புறம் திரும்ப எழுப்பினாங்க. பொழுது சாயறப்ப அங்க ஏறி நிக்கணும், சுத்தி இருக்கற பாறையெல்லாம் மொதல்ல மஞ்சளாகி அப்புறம் ரோஸாகி சிவக்கும். இந்த ஊரு சனங்க பேசற லதீன் பாஷையில (லத்தீன் இல்ல, இது வேற) அதுக்குன்னு தனியா என்ரோசதிரான்னு ஒரு வார்த்தையே இருக்கு. மொத்தமா முப்பதாயிரம் பேரு பேசற பாஷை, அதுல மலை சிவக்கறதுக்கு ஒரு சொல்லு.

நாலாவது நாள் காலையில அவெராவ் ஃபெராட்டா. எனக்கு அதோட ஒரு பாக்கி இருக்கு, தெரியும்ல.

அஞ்சாவது நாள் லகசுவாய் மலை, அதுக்குத்தான் நான் உன்னைவிட ஆசையா இருக்கேன். ஃபால்சரேகோ கணவாய்ல இருந்து கேபிள் காரு மூணு நிமிஷத்துல 2750 மீட்டருக்கு ஏத்தி விட்டுரும், நாம மலைக்குள்ள சுரங்கம் வழியா இறங்கறோம். முதல் உலகப்போர்ல, 1915ல இருந்து 1917 வரைக்கும் மேல ஆஸ்திரியாக்காரங்க, நடுவுல ஒரு பாறை விளிம்புல இத்தாலிக்காரங்க, ஒருத்தரை ஒருத்தர் விரட்ட முடியாம ரெண்டு பேரும் மலையக் கொடைஞ்சு வெடி வச்சாங்க. 1917 ஜூன் 20ல இத்தாலிக்காரங்க வச்சது 33 டன் வெடிமருந்து, மலையோட ஒரு முனையே சரிஞ்சு விழுந்துச்சு, அந்தக் கல்லுக் குவியலு இன்னைக்கும் கீழ கெடக்கு. அவங்க கொடைஞ்ச அந்தப் படிக்கட்டுலதான் இறங்கணும், ஈரமா வழுக்கும், கைப்பிடிக்கு கம்பி உண்டு, ஹெட்லேம்ப்பும் ஹெல்மெட்டும் கண்டிப்பா. அங்கங்க ஜன்னல் மாதிரி ஓட்டை, எட்டிப் பாத்தா எதிர்ல மலை. இந்தப் பக்கத்துல நிறைய ஃபெராட்டாவே இந்தப் போருக்காக போட்டதுதான், சோல்ஜருங்க மூட்டை தூக்கிட்டு குளிர்காலத்துல ஏறின இடத்துல நாம சாண்ட்விச் தின்னுட்டு செல்ஃபி எடுக்கப் போறோம், அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யுது.

ஆறாவது நாள் த்ரே சிமேங்கற மூணு பாறைச் சிகரத்தைச் சுத்தி வர்றது, 10 கிலோமீட்டர், ஃபெராட்டா எதுவும் இல்ல, நடைதான். காரை மேல கொண்டு போக முன்கூட்டியே ஆன்லைன்ல புக் பண்ணணும், டோல் வேற, அதனால பஸ்ஸு. ஏழாவது நாள் காலி. மழை வந்தா எல்லாம் ஒரு நாள் தள்ளிப் போகும்ல, அதுக்கு. உன் ஷீட்ல காலி நாளே இல்ல.

சாப்பாட்டுக்கு பயப்படாத. காசுன்சியேய்னு பீட்ரூட் வச்ச பாஸ்தா, உருக்கின வெண்ணெய், மேல கசகசா தூவி, அது இந்தப் பக்கத்து ஸ்பெஷல், கறி இல்ல. கானெதெர்லின்னா பழைய ரொட்டியில பண்ற உருண்டை, அதுல பன்னிக்கறி போட்டிருப்பாங்க, கீரை போட்டதா கேட்டு வாங்கணும். பருப்புப்பொடி கொண்டு வர்றதா இருந்தா எனக்குக் கொண்டு வா. ஹட்ல பத்து மணிக்கு லைட் ஆஃப், பெரிய ஹால்ல வரிசையா மெத்தை, மெல்லிசா ஒரு ஸ்லீப்பிங் பேக் உறை கட்டாயம், அதத் தைச்சுக்கூட எடுத்துட்டு வரலாம், பழைய வாயில் புடவை ரெண்டா மடிச்சு ஓரம் அடிச்சா போதும்.

இன்சூரன்ஸ் மட்டும் அசால்ட்டா விடாத. விசாவுக்கு கேக்கற 30,000 யூரோ பாலிசியில பல கம்பெனி இந்த மாதிரி ஏற்றத்தையெல்லாம் சாகசம்னு சொல்லி வெளிய தள்ளிருவாங்க, சின்ன எழுத்துல படி. இத்தாலியில அடிபடாம சும்மா மாட்டிக்கிட்டு ஹெலிகாப்டர் கூப்பிட்டா பில்லு நம்ம தலையில. நான் ஆஸ்திரிய ஆல்பைன் கிளப்புல, அதான் மலையேறறவங்க சங்கத்துல, மெம்பர், அதுல 25,000 யூரோ வரைக்கும் மீட்புச் செலவு உண்டு, ஹட்ல தங்கற காசும் குறைவு, உன்னையும் சேத்து விட்டுடறேன்.

ஷூ இப்பவே வாங்கி வீட்டுக்குள்ளயே போட்டு நட, புதுசா இங்க வந்து மாட்டினா கொப்புளம்தான். வாரத்துக்கு ரெண்டு நாள் மருதமலை படிக்கட்டு, முதுகுல ஒரு பையில ஆறு லிட்டர் தண்ணி வச்சுக்கிட்டு. ஏறறது பெருசில்லடி, இறங்கறப்பதான் முட்டி கேக்கும், அதனால வேனுல இறங்காத, நடந்தே இறங்கு.

விசா அப்பாயின்ட்மென்ட் கெடைச்சதும் சொல்லு, அப்புறம்தான் ஹட்டுக்கு அட்வான்ஸ் அனுப்புவேன். ஷூ சைஸ், ஹெல்மெட்டுக்கு தலைச்சுத்தளவு ரெண்டையும் எழுது. எடையும் வேணும். அந்த செட்டு பையோட சேத்து 40 கிலோவுல இருந்து 120 வரைக்கும்தான் தாங்கும்படி பண்ணது, நீ அதுக்குள்ளதான் இருப்ப, இருந்தாலும் கடையில கேப்பான். போன வருஷம் ஏர்போர்ட்ல என்கிட்ட சொன்ன எடைய எழுதாத, மெஷின்ல ஏறி நின்னு பாத்துட்டு எழுது.

உன்,
வசந்தி