பள்ளத்தை அளந்த ஆண்டு: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மூத்தவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. தென்னங்கன்று விநியோகம் வழக்கம்போல் முடிந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் விரிவாகச் சொல்ல வேண்டியது, கோரையாற்றில் போய்ச் சேரும் நம் பள்ளத்தை, அதாவது நம் ஊர் ஓடையைப் பற்றி.

சென்ற பொதுக்குழுவில், ஜேசிபி வைத்துப் பள்ளத்தைத் தூர்வார வேண்டும் என்ற பேச்சே ஓங்கியிருந்தது. முதலில் அளந்து பார்ப்போம் என்று சிலர் விடாமல் வாதாடினார்கள். அவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். பக்கத்து ஊரில் இப்படித் தூர்வாரிய இடத்தை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். புங்கமரத்து வேர்களை அறுத்துக் கரையைச் செங்குத்தாக்கினார்கள். ஐப்பசி மழையில் அந்தக் கரை சரிந்து, மண் முழுவதும் தடுப்பணையில் போய் நிறைந்தது.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1999இல் வெளியிட்ட, ஓடைகளுக்கான விரைவு மதிப்பீட்டு முறையைப் பின்பற்றினோம். படுகையில் உயிர்கள் ஒதுங்க இடம் இருக்கிறதா, கற்கள் மண்ணில் புதைந்திருக்கின்றனவா, ஆழமும் வேகமும் இடத்துக்கு இடம் மாறுகின்றனவா, கரை நிற்கிறதா, கரையோரச் செடிகொடி எவ்வளவு அகலம் என்று பத்து அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் 20 என்று மொத்தம் 200 மதிப்பெண். எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதே நிலத்தில் அதிகம் கெடாத ஒரு பகுதியோடு ஒப்பிட்டால்தான் பொருள் உண்டு. இயந்திரம் நுழையாத கோவில் தோப்புப் பகுதியை நாம் அதற்கு எடுத்துக்கொண்டோம். பாலக்காடு மாவட்டத்தில் நம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மழைமறைவுப் பகுதி என்பதால், நீர் வற்றுவதற்கு முன்பே மார்கழியில் வேலையை முடித்தோம்.

கற்களை அளக்க, வோல்மன் என்பவர் 1954இல் வகுத்த முறை. கீழே பார்க்காமல் நடந்து, கால்விரல் நுனியில் முதலில் தட்டுப்படும் கல்லை எடுக்க வேண்டும். நீளமும் அல்ல, தடிமனும் அல்ல, இடைப்பட்ட அகலத்தை அளக்க வேண்டும். இப்படி 100 கற்கள். கல்லூரி மாணவர்கள் முழங்கால் நீரில் நின்று சலிக்காமல் செய்தார்கள்.

தோப்புப் பகுதியில் எடுத்த கல்லைத் திருப்பினால் அடியில் பூச்சிக் குஞ்சுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. பாலத்துக்குக் கீழே கல்லைப் பிடுங்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. மேல் நுனியில் மட்டும் பாசி. அதற்குக் கீழே முழுவதும் சேற்றுக் கறை. கல்லிடுக்கு அடைபட்டால் பூச்சிக்கு இடமில்லை. பூச்சி போனால் அதைத் தின்னும் மீனும் போய்விடும். அயிரை குறைந்துவிட்டது என்று பெரியவர்கள் வருந்துவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

அந்தச் சேறு பாலத்தடியில் பிறந்ததல்ல. மேலே மாடு இறங்கும் துறையிலும், வரப்பு வரை உழுத தோட்டங்களின் ஓரத்திலும் கரை கரைந்து வருகிறது. அதை நிறுத்தாமல் கீழே வாரினால் அடுத்த மழைக்கே மீண்டும் நிறையும்.

எனவே தூர்வாரும் யோசனையைக் கைவிட்டு, மாட்டுத் துறைக்குக் கல் பாவவும், கரையோரம் வெட்டிவேர், நொச்சி, தாழை நடவும், விழுந்து கிடக்கும் மரங்களை நீரோட்டத்தை அடைக்காதவரை அப்படியே விடவும், அடுத்த மார்கழியில் அதே இடங்களில் மறுபடி அளக்கவும் பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டுகிறேன். பள்ளத்தை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்கள் எவ்வளவு அகலம் விட்டுத் தர முடியும் என்பதை இன்றே எழுதிக் கொடுத்தால், மழைக்கு முன் நடவைத் தொடங்கிவிடலாம்.