தூளி ஸ்பிரிங்கும் நீ அழித்த ரீடிங்கும்

அன்புள்ள சிவா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலி இப்போது தேவலையா? பிரசவத்துக்கு வந்த மகள் இன்னும் இங்கேதான் இருக்கிறாள். பேத்திக்கு மூன்று மாதம். அவள் தூங்கும் நேரத்தில்தான் எனக்குப் பேனா பிடிக்க முடிகிறது.

தூளி கட்டினோம். நம் வீடுகளில் விட்டத்தில் சேலையைக் கட்டி ஆட்டினால் முடிந்தது. இப்போது நடுவே ஒரு ஸ்பிரிங் மாட்டுகிறார்கள். லேசாக இழுத்துவிட்டால் போதும், மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கிறது. மாட்டுவதற்கு முன் பலம் பார்ப்போம் என்று, ஒரு கிலோ அரிசிப் பொட்டலங்களாகப் பையில் போட்டுத் தொங்கவிட்டேன். பலம் பார்ப்பதெல்லாம் சாக்கு, பழைய லேப் ஆசைதான்.

1 கிலோவுக்கு அசையவில்லை. 2 கிலோவுக்கும் அசையவில்லை. மூன்றாவது பொட்டலத்துக்கு 4 சென்டிமீட்டர் நீண்டது. அப்புறம் 8, 12, 16 என்று பிசகாமல் போயிற்று.

பி.எஸ்ஸி. முதல் வருஷம் ஞாபகம் வருகிறதா? லேபில் ஸ்பிரிங்கில் எடை தொங்கவிட்டு நீட்சி அளந்தபோது உனக்கும் முதல் இரண்டு ரீடிங் பூஜ்யம்தான். எடை எவ்வளவோ அதே விகிதத்தில் நீட்சி என்கிற ஹூக் விதிப்படி, வரைபடத்தில் கோடு பூஜ்யத்தில், அதாவது ஆதிப்புள்ளி வழியாகப் போக வேண்டுமே என்று பயந்து, ரப்பரால் அழித்துவிட்டு நான் சொன்ன எண்களை எழுதினாய். 'டெட் லோடு போட்டுவிட்டு ஆரம்பிங்கப்பா' என்பார் சார், அளக்கத் தொடங்கும் முன்பே ஓர் எடையைத் தொங்கவிடச் சொல்லி. ஏன் என்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நெருக்கிச் சுற்றிய இந்த ரக ஸ்பிரிங்கில், சுற்றும்போதே வளையங்கள் ஒன்றையொன்று அழுத்தும்படி ஓர் இறுக்கத்தை வைத்துவிடுகிறார்கள். எடை அந்த இறுக்கத்தை வென்ற பிறகுதான் வளையங்கள் பிரியும். என் ஸ்பிரிங்குக்கு அது 2 கிலோ. டெட் லோடு போடுவது அதைத் தாண்டத்தான். ஆக, நீ அழித்தது சரியான ரீடிங். நான் சொன்னது புளுகு.

ராபர்ட் ஹூக்கே 1676இல் இந்த விதியை நேராகச் சொல்லவில்லை. லத்தீன் வாக்கியத்தின் 14 எழுத்துகளை அகரவரிசையில் அடுக்கிப் புதிராக வெளியிட்டார். 1678இல்தான் அவிழ்த்தார்: நீட்சி எப்படியோ, விசையும் அப்படி. அதற்காக நம்மை மன்னிக்கலாம் என்று சொல்ல வரவில்லை.

தூளி தரைக்குக் கிட்டத் தொங்குகிறதென்று, ஸ்பிரிங்கைப் பாதியாக வெட்டிவிடலாம் என்றார் மருமகன். வேண்டாம் என்று தடுத்தேன். வளையங்கள் பாதியானால் அதே எடைக்குப் பாதிதான் நீளும், விறைப்பு இரட்டிப்பாகும். குழந்தையும் துணியுமாக இப்போது 6 கிலோ. 10 ஆட்டத்துக்கு 10 விநாடி ஆகிறது. வெட்டினால் 7 விநாடியில் முடிந்துவிடும். அது தாலாட்டா, டவுன் பஸ்ஸா? கயிற்றைச் சுருக்கிக் கட்டியதும் சரியாயிற்று.

ஆனால் போன ஞாயிறு பெரிய பேரன், ஏழு வயது, யாரும் பார்க்காதபோது தூளியில் ஏறி இரண்டு குதி குதித்துவிட்டான். குழந்தை நல்லவேளையாகப் பாட்டி மடியில் இருந்தாள். இறங்கிய பிறகும் வளையங்கள் மூடவில்லை, நடுவே தபால் கார்டு நுழையும் போலிருக்கிறது. மீட்சி எல்லை தாண்டிவிட்டது. ஸ்பிரிங் நீளும்போது கம்பி அவ்வளவாக நீள்வதில்லை, ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கேறுகிறது. அளவு மீறி முறுக்கினால் பழைய நிலைக்குத் திரும்பாது. புதிது வாங்கும்போது கம்பியின் தடிமனைப் பார்த்து வாங்கினேன். மற்றதெல்லாம் அதே அளவாக இருந்து கம்பி மட்டும் இரண்டு மடங்கு தடித்தால் விறைப்பு 16 மடங்கு. கூடவே, ஸ்பிரிங் அறுந்தாலும் தூளி விழாமலிருக்க ஒரு கயிறும் தளர்வாகக் கட்டியிருக்கிறேன்.

பழையதைக் காயலான் கடைக்குப் போடவில்லை. பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா, சேர்ந்து அளப்போம். அந்த 2 கிலோ இறுக்கம் போய்விட்டிருக்கும், முதல் பொட்டலத்துக்கே நீளும் என்பது என் ஊகம். ஸ்கேல் நீ பிடி. எதையும் அழிக்காதே.

அன்புடன்,
ராமு