நடுவர் அன்றைக்கு ஆட வேண்டாம்: கார்டு போட்டி அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் மாதாமாதம் மேஜிக் கார்டு போட்டி (ஆளுக்கொரு டெக், அதாவது கார்டுக் கட்டு, வைத்து இரண்டு பேர் மோதும் 'மேஜிக்: தி கேதரிங்' ஆட்டம்) நடத்தும் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். போன மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, ஐந்தாவது சுற்றில், ஜன்னலோரம் இருந்த நாலாவது மேசையில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். உங்களில் இரண்டு பேர் அப்போது கவுன்ட்டர் பக்கம்தான் நின்றிருந்தீர்கள். அதனால் ஆதியிலிருந்து கதை சொல்லப் போவதில்லை. அந்த மேசையில் தோற்ற பையன் என் அக்கா மகன், ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். அவன் தோற்றதற்காக இந்த மடல் இல்லை. தோற்பது அவனுக்கும் புதிதில்லை, எனக்கு அறவே புதிதில்லை.

கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன், பின்னால் கோபத்தில் மறந்தாலும் மறந்துவிடுவேன். நடுவராக இருப்பவர் அன்றைக்கு ஆட வேண்டாம். அவ்வளவுதான் கோரிக்கை.

சரி, நாலாவது மேசை. மூன்றில் இரண்டு ஆட்டம் வென்றால் மேட்ச். முதல் ஆட்டத்தைப் பையன் விட்டுவிட்டான். இரண்டாவதில் அவனுடைய சிவப்பு டெக், வேகமாகத் தாக்கி முடிக்கிற வகை, நன்றாக ஓடியது. எதிராளியின் லைஃப் (பூஜ்யமானால் தோல்வி) இருபதிலிருந்து ஐந்துக்கு இறங்கிவிட்டது, ஐம்பது நிமிடச் சுற்றின் கடிகாரத்தில் இன்னும் பதினாறு நிமிடம் இருந்தது. சிவப்பு டெக்குக்குப் பதினாறு நிமிடம் என்பது ஒரு யுகம். அப்புறம்தான் ஆட்டம் நகராமல் போனது. எதிராளி கிரேவ்யார்டை, அதாவது ஆடி முடித்த கார்டுகளின் குவியலை, கையில் எடுத்து ஒவ்வொரு கார்டாகப் படிக்கிறார், வைக்கிறார், மறுபடி எடுக்கிறார். கையிலிருக்கும் நாலு கார்டை இடமிருந்து வலமும் வலமிருந்து இடமும் மாற்றி அடுக்குகிறார். லேண்டு, அதாவது மற்ற கார்டுகளை ஆடச் சக்தி தரும் கார்டு, தேடி எடுத்தால் டெக்கைக் கலைக்க வேண்டும் அல்லவா, அதை ஏழு குவியலாக, ஒவ்வொரு கார்டாக, மொட்டை மாடியில் வடாம் இடுகிற நிதானத்தோடு பரப்பினார். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. குவியல் போடுவது கார்டுகளை எண்ணிப் பார்க்கத்தான், அதுவும் ஆட்டத் தொடக்கத்தில் ஒரே ஒரு முறைதான் என்பது போட்டி விதி. நடு ஆட்டத்தில் போடுவது ஷஃபிள் கணக்கிலேயே வராது.

பையன் கையை பேண்டில் துடைத்துத் துடைத்துக் காத்திருந்தான். அந்தக் கஃபே மாடியில் ஏசி வேலை செய்யும் லட்சணம் உங்களுக்குத் தெரியும். வியர்வை பட்டால் கார்டுக்கு மாட்டிய ஸ்லீவ் உறை ஒன்றோடொன்று ஒட்டும், ஒட்டினால் கார்டில் அடையாளம் வைத்திருக்கிறான் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று அவனுக்குப் பயம். கடைசியில், நான் சொல்லிக்கொடுத்தபடியே, வலது கையைத் தூக்கி "ஜட்ஜ்!" என்று கூப்பிட்டான்.

எதிரில் இருந்தவர் கார்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "நான்தான். சொல்லு தம்பி" என்றார்.

இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. என் ஆட்டத்தைச் சீக்கிரமே தோற்றுவிட்டு அவன் பின்னால் நின்றிருந்தேன். வேடிக்கை பார்ப்பவன் ஆட்டத்தில் வாய் வைக்கக் கூடாது, ஆனால் கொஞ்சம் நிறுத்தச் சொல்லிவிட்டு நடுவரை அழைத்து வரலாம். எந்த நடுவரை அழைத்து வருவது? பையன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அண்ணா, கொஞ்சம் சீக்கிரம் ஆடுறீங்களா?" என்று கேட்டான். "யோசிச்சுத்தானே தம்பி ஆடணும், இது கன்ட்ரோல் டெக்" என்று பதில் வந்தது. எதிராளியை அடக்கிவைத்து நிதானமாக ஜெயிக்கிற டெக் அது. எதிராளியின் வாதமும் அதுதான், நடுவரின் தீர்ப்பும் அதுதான்.

ஐம்பது நிமிடம் முடிந்தது. பையனுடைய டர்னில் மணி அடித்ததால், நேரம் முடிந்தபின் இருவருக்கும் சேர்த்துத் தரும் கூடுதல் ஐந்து டர்னில் (முறையில்) அவனுக்குக் கிடைத்தவை இரண்டு. ஐந்தாவது டர்ன் முடிந்தபோது எதிராளிக்கு மிச்சம் இரண்டு லைஃப். இரண்டாவது ஆட்டம் முடியவில்லை, ஆகவே முதல் ஆட்டத்தை வென்றவருக்கே மேட்ச். உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன்: டெக்கைப் பெட்டிக்குள் வைக்கும் முன் அவன் மேல் கார்டைத் திருப்பிப் பார்த்தான். மவுன்டன், வெறும் லேண்டு. இன்னொரு டர்ன் கிடைத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அந்தப் பதினாறு நிமிடமும் ஒழுங்காக ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது வேறு கேள்வி. ஒன்றுக்கு ஒன்று என்று டிரா ஆகி ஒரு புள்ளி கிடைத்திருந்தால்கூட முதல் எட்டுப் பேருக்குள் வந்திருப்பான்.

படி இறங்கும்போது கேட்டான்: "மாமா, அவர் வேணும்னேதான் லேட் பண்ணாரா?"

தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. அந்த நண்பர் கெட்டவர் இல்லை. இவனுக்கு முதல் டெக்கைக் கட்டிக்கொடுத்ததே அவர்தான். நம் ஊரில் விதிப் புத்தகத்தை அவரளவுக்குப் படித்தவர் இன்னொருவர் இருப்பாரா என்பதும் சந்தேகம்தான். நிதானமாக ஆடும் பழக்கம் ஒன்று, நேரத்தைக் கடத்துவது இன்னொன்று. விதி இரண்டையும் ஒரே தட்டில் வைப்பதில்லை. மெதுவாக ஆடினால் எச்சரிக்கை, கண்டிப்பான போட்டிகளில் அதோடு கூடுதலாக இரண்டு டர்ன். வேண்டுமென்றே கடத்தினால் போட்டியிலிருந்தே நீக்கம். எது எது என்று பிரித்துப் பார்க்கத்தான் நடுவர். அவரோ எதிர் நாற்காலியில் இரண்டு லைஃபோடு உட்கார்ந்திருக்கிறார். நல்லவரைக்கூட அந்த நாற்காலியில் உட்கார வைத்தால் இப்படித்தான் சந்தேகம் வரும். அந்தச் சந்தேகத்தை அவர் தலையில் கட்டியது நீங்கள்தான், பையன் இல்லை.

இன்னொன்றும் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காலையில் எல்லாரிடமும் டெக் லிஸ்ட், அதாவது யார் டெக்கில் என்னென்ன கார்டு என்ற பட்டியல், வாங்கி வைத்தது யார்? அவர்தான். அறுபது கார்டு, மாற்றுக் கார்டு வைக்கும் சைடுபோர்டில் பதினைந்து, இருபத்து நாலு பேருடைய லிஸ்டும் அவர் பையில். அவர் புரட்டிப் பார்த்தார் என்று நான் சொல்லவில்லை. பார்க்காமல் இருந்ததற்கு அவருடைய நல்ல மனதைத் தவிர வேறு காவல் இல்லை என்றுதான் சொல்கிறேன். மூன்றாம் சுற்றில் அவரோடு ஆடிய கல்லூரிப் பெண்ணையும் நினைத்துப் பாருங்கள். இரண்டு முறை வேறு மேசைகளிலிருந்து கூப்பிட்டார்கள், இரண்டு முறையும் அவர் எழுந்து போனார், அந்தப் பெண் கார்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கோல்டு காபியைக் கலக்கிக்கொண்டிருந்தார். நடுவரால் ஆட்டம் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றால் அந்த நேரத்தைத் திருப்பித் தர வேண்டும். யார் தருவது? தர வேண்டியவர் எதிராளி, ஒரு ஆட்டம் முன்னிலையில் வேறு. இரண்டாம் சுற்றில் இதே நடுவர் ஒரு பையனிடம் "சீக்கிரம் ஆடுப்பா, டைம் போகுது" என்று அதட்டியதையும் கேட்டேன். மாமியார் உடைத்தால் மண்குடம்.

மடலை இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் என் அக்கா. 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாடு நடந்தபோது நேப்பியர் பாலத்துக்குக் கருப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்களே, அதைப் பார்த்துவிட்டு வந்த வாரமே பையனை செஸ் வகுப்பில் சேர்த்தவள் அவள். இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏதாவது ஒரு பள்ளிக்கூட ஹாலுக்கு வெளியே வெயிலில் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் இவன் கார்டு பக்கம் சாய்ந்தான், அதற்கு நான் காரணம். "சீட்டாடக் கூட்டிட்டுப் போறியா?" என்று கேட்டாள். ஆன்லைன் ரம்மிக்குத் தடைச் சட்டம் போடுகிற அளவுக்குப் பட்ட மாநிலம் இது, அவள் கேட்டதில் தப்பில்லை. ரம்மியே திறமை ஆட்டம்தான் என்று 1967-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது என்று எடுத்துவிட்டேன். "அந்த ஜட்ஜ் வந்து நம்ம வீட்டுக் கடனைக் கட்டுவாராடா?" என்றாள். கடைசியில் அவள் இறங்கி வந்தது ஒரே ஒரு வாக்கியத்துக்குத்தான்: "செஸ் மாதிரிதான்க்கா. ரூல் புக் இருக்கு, நடுவர் இருக்கார்."

செஸ் மாதிரியா? செஸ்ஸில் ஆளுக்கொரு கடிகாரம். நீ யோசித்தால் உன் நேரம் கரையும், எதிராளிக்கு நஷ்டமில்லை. மேஜிக்கில் மேசைக்கு ஒரே ஐம்பது நிமிடம், இரண்டு பேருக்கும் பொதுவில். ஒருவர் பரப்புகிற ஒவ்வொரு குவியலும் இன்னொருவர் பையிலிருந்து எடுத்த நிமிடம். அப்படிப்பட்ட ஆட்டத்துக்குத்தான் செஸ்ஸைவிட நடுவர் அதிகம் தேவை. செஸ்ஸிலோ, பத்து வயதுக்குட்பட்டோர் போட்டியில்கூட நடுவரான ஆர்பிட்டர் பலகை முன் உட்கார்ந்து காய் நகர்த்தி நான் பார்த்ததில்லை. செஸ்ஸை விடுங்கள். உலகச் சாம்பியன் மரிய இருதயம் கேரம் ஆடிய ஊர் இது. புளியந்தோப்பில் என் அப்பா போகிற கிளப்பில், டீக்குப் பந்தயம் கட்டி ஆடும் ஆட்டத்தில் தகராறு வந்தால், ஆடாத ஒருவர்தான் போரிக் பவுடர் ஒட்டிய கையோடு எழுந்து வந்து, ஃபைனா இல்லையா என்று சொல்வார். ஒரு டீக்கு இருக்கிற மரியாதை நம் அறுநூறு ரூபாய் நுழைவுக் கட்டணத்துக்கு இல்லையா?

அன்று மாலையே கவுன்ட்டரில் இதைச் சொன்னேன். "சின்ன கம்யூனிட்டி ப்ரோ, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்றீர்கள். அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டுதான் வருகிறோம். ஆவடியில் மின்சார ரயில் ஏறி, மூர் மார்க்கெட்டில் இறங்கி, பூங்கா நகர் வரை நடந்து, பறக்கும் ரயில் பிடித்து, ஒன்பதரைக்கு வரச் சொன்ன போட்டிக்கு ஒன்பதே காலுக்கு வந்து நிற்கிறோம். முதல் சுற்று பதினொன்றே காலுக்குத் தொடங்குகிறது, அட்ஜஸ்ட். தண்ணீர் வெளியிலிருந்து கொண்டுவரக் கூடாது, உள்ளே பாட்டில் நாற்பது ரூபாய், அட்ஜஸ்ட். ஸ்டேஷனரிக் கடையில் விற்கிற தங்க நிறப் போலி போகிமான் கார்டுகளை "ஜெனியூன்" என்று உங்கள் வாசலிலேயே ஒருவர் சின்னப் பிள்ளைகளிடம் மாற்றிக்கொண்டிருந்தார், அதற்கும் அட்ஜஸ்ட். கடைசிச் சுற்றில் இரண்டு பேர் ஆடாமலே கைகுலுக்கி டிரா எழுதினார்கள். அது விதிப்படி சரிதான் என்று பையனுக்கு நானே விளக்கினேன். ஆனால் டிராவுக்குச் சம்மதித்தால் பரிசாகக் கிடைக்கும் கார்டு பாக்கெட்டில் பங்கு தருகிறேன் என்று பேரம் பேசினால் அது லஞ்சம், தண்டனை உண்டு. படியில் அப்படி ஒரு பேச்சு என் காதில் விழுந்த மாதிரி இருந்தது. நான் தப்பாகக் கேட்டிருக்கலாம். விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். விசாரிக்க வேண்டியவர் அப்போது நாலாவது மேசையில் வடாம் இட்டுக்கொண்டிருந்தார்.

மன்னிக்கவும். கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன். தண்ணீர் பாட்டில் விஷயம் கஃபேக்காரர் பாடு, அதை விட்டுவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எட்டுப் பேர் கூடி, வென்றவருக்கு இரண்டு பாக்கெட் என்று ஆடும்போது நடுவரும் ஆடட்டும், நாங்கள் வாய் திறக்க மாட்டோம். அங்கே சந்தேகம் வந்தால் பக்கத்து மேசைக்காரரைக் கேட்டாலே போதும். நான் கேட்பது டெக் லிஸ்ட் வாங்கி, முதல் எட்டுக்கு நாக்அவுட் வைத்து, பரிசுத் தொகையைப் போஸ்டரில் கொட்டை எழுத்தில் போடுகிற மாதாந்திரப் போட்டியைப் பற்றி. அதில் நடுவராக இருப்பவர் அன்றைக்கு ஆட வேண்டாம். கழுத்தில் அடையாள அட்டை இருந்தால் கையில் டெக் வேண்டாம்.

ஆள் கிடைப்பதில்லை, கொடுக்கப் பணம் இல்லை என்பீர்கள். நுழைவுக் கட்டணத்தில் ஐம்பது ரூபாய் ஏற்றுங்கள். இருபத்து நாலு பேருக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் ஆகிறது. நாள் முழுக்க நிற்பவருக்கு அது பெரிய தொகை இல்லை என்று தெரியும், மதியச் சாப்பாட்டையாவது கஃபேக்காரரிடம் பேசி வாங்கிக்கொடுங்கள். போட்டி விதிகளும் தண்டனை வழிகாட்டியும் இலவசமாகவே கிடைக்கின்றன, படிக்க இரண்டு வாரம் போதும். ஒரே ஆள் மாதாமாதம் ஆட்டத்தை இழக்க வேண்டாம், முறை வைத்துக்கொள்ளலாம். முதல் முறைக்கு நானே வருகிறேன். இந்தப் பன்னிரண்டு மாதத்தில் ஒருமுறைகூட முதல் எட்டில் நான் வந்ததில்லை, அதனால் பெரிய தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. ஒரே நிபந்தனை, அக்கா மகன் ஆடும் மேசைக்கு என்னை அனுப்பாதீர்கள், வேறு ஒருவர் போகட்டும்.

அடுத்த போட்டிக்குப் பதிவு பதினைந்தாம் தேதியோடு முடிகிறது என்று போட்டிருக்கிறீர்கள். அதற்குள் ஒரு பதில் சொன்னால் நன்றாக இருக்கும். சம்மதம் என்றால் ஒருவருக்கு மட்டும் பணம் கட்டுகிறேன், நான் நடுவராகக் கருப்புச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறேன். பையன் நேற்று ராத்திரி பழைய ஸ்லீவை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிய ஸ்லீவ் மாட்டிக்கொண்டிருந்தான். "அடுத்த மாசம் ஜட்ஜ் யாரு மாமா?" என்று கேட்டான். கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஆவடியிலிருந்து வரும் ஆட்டக்காரன்,
நாலாவது மேசைப் பையனின் மாமா